கறண்ட் வயரும் நெற்வேர்க் கேபிளும் ஒரே கேசிங்கில் போகலாமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்று பல வீடுகளில் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. சிக்னல் நன்றாகப் பிடிக்கும் யன்னலோரம்தான் அதற்கு இடம். பிள்ளை ஒன்லைன் வகுப்புக்கு இருப்பதோ பின் அறையில். இடையில் இரண்டு சீமெந்துக்கல் சுவர் நிற்க, வைஃபை பின் அறைக்குப் போய்ச் சேரும்போது பாதியாகிவிடும். ஒரு நெற்வேர்க் கேபிளை இழுத்துவிட்டால் என்ன என்று யோசிப்போம். நல்ல யோசனைதான். உடனே அடுத்த கேள்வி வரும்: சுவரில் ஏற்கெனவே கறண்ட் வயருக்குக் கேசிங் அடித்திருக்கிறது, இதையும் அதற்குள்ளேயே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "நெற் ஸ்லோவாகும்" என்பது. அதில் உண்மை கொஞ்சம்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் சாமான்களுக்கும் வரக்கூடிய ஆபத்துத்தான் பெரிய காரணம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து விளங்கிக்கொண்டால், எங்கே கண்டிப்பாக நிற்கவேண்டும், எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது தானாகப் பிடிபடும்.

முறுக்கு எதற்கு?

நெற்வேர்க் கேபிளின் மேல்தோலை இரண்டு அங்குலம் உரித்துப் பாருங்கள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், நான்கு சோடிகளாக இருக்கும்: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ஒவ்வொரு நிறக் கம்பியும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பியோடு முறுக்கப்பட்டிருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால், ஒரு சோடியின் முறுக்கு நெருக்கமாகவும் மற்றதன் முறுக்குச் சற்றுத் தளர்வாகவும் இருப்பது தெரியும். கேபிளின் திறமை முழுவதும் இந்த முறுக்கில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கறண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதாவது செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடும் மின்சாரம். அப்படி ஆடும்போது வயரைச் சுற்றி ஒரு காந்தப்புலமும் சேர்ந்து ஆடும். பக்கத்தில் வேறொரு கம்பி கூடவே போனால் அதிலும் ஒரு சிறு மின்னழுத்தம் தூண்டப்படும். கோயில் திருவிழாவில் மைக் வயரைக் கறண்ட் வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஸ்பீக்கர் "ங்ங்ங்" என்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். அது இந்தத் தூண்டல்தான்.

நெற்வேர்க் கேபிள் இதைச் சமாளிக்கும் முறை அழகானது. செய்தியை அது ஒரு கம்பியில் அனுப்புவதில்லை. ஒரு சோடியின் ஒரு கம்பியில் கூட்டல், மற்றதில் கழித்தல் என்று எதிரெதிராக அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். விளக்கத்துக்காக, ஒன்றில் +1, மற்றதில் −1 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2. பக்கத்துக் கறண்ட் வயர் இரண்டிலும் ஒரே அளவாக 0.3 இரைச்சலை ஏற்றிவிட்டது என்றால் அவை 1.3 ஆகவும் −0.7 ஆகவும் மாறும். கழித்துப் பாருங்கள், வித்தியாசம் அதே 2. கிறவல் வீதியில் ஓடும் உழவு இயந்திரப் பெட்டியில் அருகருகே நிற்கும் இருவர் குலுங்கும்போது சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். அவர்களில் யார் எவ்வளவு உயரம் என்பது மாறாது. அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் இரண்டு கம்பியிலும் இரைச்சல் ஒரே அளவாக ஏறவேண்டுமே? முறுக்கு அதற்குத்தான். முறுக்காமல் நேராக விட்டால் கறண்ட் வயருக்குக் கிட்ட இருக்கும் கம்பியில் எப்போதும் கூடுதலாக ஏறும். முறுக்கிவிட்டால் இந்த இடத்தில் ஒன்று கிட்ட, அடுத்த இடத்தில் மற்றது கிட்ட. மொத்தத்தில் இரண்டும் சமமாகிவிடும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 50 ஹேர்ட்ஸ் என்பது நெற்வேர்க் சிக்னலோடு ஒப்பிட்டால் மிக மிக மெதுவான ஆட்டம். ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட் இணைப்பில் ஒவ்வொரு சோடியிலும் செக்கனுக்கு 125 மில்லியன் குறியீடுகள் ஓடுகின்றன. ரவுட்டர், கணினி இரண்டிலும் கேபிள் செருகும் போர்ட்டுக்குள் சின்னஞ்சிறு டிரான்ஸ்போமர்கள் இருக்கின்றன. அவை வேகமான சிக்னலை விட்டு, மெதுவான 50 ஹேர்ட்ஸை ஏறக்குறைய முழுவதுமாக மறித்துவிடும். ஆகவே ஒரு மின்விசிறி வயருக்குப் பக்கத்தில் கேபிள் இரண்டு மீற்றர் போனதால் வகுப்பு விட்டுவிட்டு வருகிறது என்று யாராவது சொன்னால், அவர் வேறு காரணத்தைத் தேடுவது நல்லது.

முதலில் பார்க்கவேண்டியது அநேகமாகக் கேபிளின் முனையில் அடித்த, போர்ட்டில் செருகும் பிளாஸ்ரிக் கிளிப்பைத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கறண்ட் வயரில் போடும் பழி பலதும் உண்மையில் இங்கேதான் சேரவேண்டும். கிளிப்பில் கம்பிகளை அடுக்கும் வழக்கமான முறை இது: செம்மஞ்சள் கோட்டு வெள்ளை, செம்மஞ்சள், பச்சைக் கோட்டு வெள்ளை, நீலம், நீலக் கோட்டு வெள்ளை, பச்சை, மண்ணிறக் கோட்டு வெள்ளை, மண்ணிறம். பச்சைச் சோடி 3ஆம், 6ஆம் இடங்களில் பிரிந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். புதிதாக அடிப்பவர்களுக்கு இது கோணலாகத் தெரியும். "ஏன் இந்தச் சிக்கல்" என்று நினைத்து, இரண்டு முனையிலும் செம்மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு என வரிசையாக அடுக்கிவிடுவார்கள். சின்ன டெஸ்ரரில் செருகிப் பார்த்தால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் கருவி 3ஐயும் 6ஐயும் ஒரு சோடி என்று நினைத்துச் சிக்னலை விடுகிறது. உங்கள் கேபிளிலோ அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்த கம்பிகள். முறுக்கின் பயன் அந்த இடத்தில் இல்லாமல் போய்விட்டது. கட்டையான கேபிளில் தப்பிவிடும். நீளம் கூடக்கூட வேகம் விழும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். கிளிப்புக்கு முன்னால் முறுக்கை அளவுக்கு மேல் பிரித்துவிடுவதும் இதே வகைப் பிழைதான். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவேண்டாம்.

சரி, கறண்ட் வயரால் சிக்னலுக்குக் கெடுதலே இல்லையா? சில இடங்களில் உண்டு. தோட்டக் கிணற்று மோட்டர் ஸ்ரார்ட் எடுக்கும் கணம், வெல்டிங் பட்டறை, சோலர் இன்வேர்ட்டர், மலிவான எல்.ஈ.டி பல்புகள் ஆகியவை 50 ஹேர்ட்ஸோடு நிற்பதில்லை. திடீர் வெட்டு வெட்டான, வேகமான இரைச்சலையும் வயரில் ஏற்றும். மோட்டருக்குப் போகும் வயரோடு ஒட்டியபடி 30, 40 மீற்றர் கேபிள் போனால் அது தெரியவரலாம். கூடவே போகும் நீளம் கூடினால் தூண்டல் கூடும். இடைவெளி கூடினால் குறையும். முதல் சில அங்குல இடைவெளியிலேயே பெரிய பகுதி குறைந்துவிடும் என்பது எங்களுக்குச் சாதகம்.

உயிருக்கு வரும் ஆபத்து

நெற்வேர்க் கேபிளுக்குள் இருக்கும் ஒரு கம்பியின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவு. அதன் மேலுள்ள பிளாஸ்ரிக் உறை மெல்லிய தாள்போன்றது. சில வோல்ற் சிக்னலுக்கும், மிஞ்சிப்போனால் கேபிள் வழியே கமராவுக்கு அனுப்பும் 48 வோல்ற் அளவுக்கும் செய்யப்பட்டது அது. 230 வோல்ற் வயரோடு உரசிக்கொண்டு வருடக்கணக்கில் கிடப்பதற்கு அதைச் செய்யவில்லை.

ஒரே கேசிங்குக்குள் இரண்டும் கிடக்கிறது என்று நினைப்போம். கேசிங் மூடியை இறுக்க அடித்த ஆணி ஒன்று கறண்ட் வயரின் தோலைக் கீறிவிடுகிறது. அல்லது ஓட்டுக்கூரையில் குடியிருக்கும் எலியோ அணிலோ இரண்டையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. வன்னியில் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு எலி பற்றிச் சொல்லத் தேவையில்லை. இப்போது 230 வோல்ற் நெற்வேர்க் கம்பிக்கு வந்துவிட்டது. அடுத்து நடப்பதுதான் பயங்கரம்: பல நேரங்களில் எதுவுமே நடக்காது. ரவுட்டர் பிளாஸ்ரிக், அதன் அடப்டர் பெரும்பாலும் இரண்டு முள். போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்போமர் இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தால் பிரித்தே வைத்திருக்கும். ஆகவே கறண்ட் நிலத்துக்கு இறங்க வழியில்லை. நிலத்துக்குக் கசிவு இல்லாவிட்டால் மெயின் போர்ட்டில் உள்ள ட்ரிப் சுவிட்சுக்கு இது தெரியாது. கேபிள் அமைதியாக 230 வோல்றில் கிடக்கும். என்றைக்கோ ஒருநாள் கிளிப்பை மாற்ற யாராவது அதைச் சீவிப் பிடிக்கும்போது, அந்த ஆளின் உடல்தான் நிலத்துக்குப் போகும் வழி. அப்போது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும், அது இருந்தால், வேலை செய்தால். பழைய வீடுகளில் அதை வருடக்கணக்கில் ரெஸ்ட் பட்டன் அழுத்திப் பார்க்காமலே வைத்திருக்கிறோம். இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

இதனால்தான் விதிகள் இரண்டையும் பிரிக்கச் சொல்கின்றன. இலங்கையில் வீட்டு வயரிங்குக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய விதித்தொகுதி. சிறு அழுத்தத் தொடர்பு வயர்களையும் மின்வயர்களையும் சும்மா ஒன்றாகப் போட அது விடுவதில்லை. பிரித்தானியத் தொலைத்தொடர்பு வயரிங் முறையிலும் அமெரிக்க மின்விதியிலும் பொதுவாக வரும் இடைவெளி 50 மில்லிமீற்றர், எங்கள் மேசன்மார் கணக்கில் இரண்டு அங்குலம். அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவில் மின்கடத்தாத தடுப்பு இருக்கவேண்டும்: நடுத்தடுப்பு வைத்த கேசிங், அல்லது இரண்டுக்கும் தனித்தனிப் பைப். என் கருத்து, இரண்டு அங்குலத்தைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் இருக்கும் இடத்தில் ஒரு சாண் விடுங்கள்; மோட்டர் வயரோடு நீளமாகப் போகவேண்டி வந்தால் ஒரு அடி விடுங்கள்.

எங்கள் வீடுகளில் எப்படி இழுப்பது

போருக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்ட வீடுகள் வன்னியில் நிறைய. சீமெந்துக்கல் சுவர், ஓட்டுக்கூரை, பல வீடுகளில் சீலிங் இல்லை. பூச்சு முடிந்த பிறகு வயரிங் செய்த வீடுகளில் கேசிங் சுவருக்கு வெளியே தெரியும். நெற்வேர்க் கேபிள் இழுப்பவருக்கு இது வசதி, கறண்ட் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். சுவருக்குள் பைப் புதைத்த வீடென்றால், சுவிட்ச் போர்ட்டுக்கும் பிளக் பொயின்ற்றுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவேண்டாம். வயர் அநேகமாக அந்தக் கோட்டில்தான் இறங்கியிருக்கும்.

கறண்ட் கேசிங் சுவரின் மேல் ஓரமாகப் போனால் நெற்வேர்க் கேபிளுக்கு எதிர்ச் சுவரைப் பிடியுங்கள், அல்லது நிலத்துக்குச் சற்று மேலே சிறிய கேசிங் ஒன்றை அடியுங்கள். கூரையால் போவதென்றால் மின்வயர் ஒரு வளையோடு போகட்டும், கேபிள் அடுத்த வளையோடு போகட்டும். கைமரத்திலும் சிலாகையிலும் ஆணி அடித்து இறுக்காமல் தளர்வாகக் கட்டுங்கள். கேபிளை நசுக்கினால் உள்ளே முறுக்கு குலைந்துவிடும். மூலையில் திருப்பும்போதும் கூராக மடிக்காமல் ஒரு அங்குல ஆரமாவது கொடுத்து வளையுங்கள். தகரக் கூரையென்றால் தகரத்தோடு ஒட்ட விடவேண்டாம். சித்திரை வெயிலில் அந்தச் சூட்டுக்குக் கேபிளின் தோல் நாளடைவில் வெடித்துவிடும்.

எங்காவது ஒரு இடத்தில் இரண்டும் சந்தித்தே ஆகவேண்டும். அங்கே நேர்குறுக்காக, கூட்டல் குறிபோலக் கடக்க விடுங்கள். அப்படிக் கடந்தால் கூடவே போகும் நீளம் இல்லை, தூண்டலும் பேருக்குத்தான். கடக்கும் இடத்தில் கேபிளின் மேல் ஒரு துண்டுப் பைப்பை மாட்டிவிட்டால் உரசலும் இல்லை. சுவரைத் துளைக்கும்போது கறண்ட் வயர் போகும் அதே துளைக்குள் இதையும் தள்ள மனம் வரும். இரண்டு நிமிட வேலை மிச்சம், ஆனால் இருபது வருடத்துக்கு ஆபத்து உள்ளே கிடக்கும். வேறு துளை போடுங்கள். அறையில் வந்து முடியும் பெட்டியும் அப்படித்தான்: பிளக் பொயின்ற் பெட்டிக்குள் நெற்வேர்க் போர்ட்டைப் பொருத்தக்கூடாது, பக்கத்தில் தனிப் பெட்டி வேண்டும்.

கறண்ட் கேசிங்கைத் திறக்கவேண்டி வந்தால் மெயின் சுவிட்சை இறக்குங்கள். அதற்குள் இருக்கும் வயரை நகர்த்துவது மின்வேலை தெரிந்தவரின் வேலை. நெற்வேர்க் கேபிளை நீங்களே இழுக்கலாம், அதில் பயமில்லை.

கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை மிகக் குறைவென்றால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியாக இருக்கலாம். கம்பியை பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்கவேண்டாம். வளைக்கும்போது முறியும், கமராவுக்குக் கறண்ட் அனுப்பினால் சூடாகும். வீட்டுப் பாவனைக்குத் தனிச் செம்பில் செய்த கற் 5ஈ (Cat 5e) தரக் கேபிள் போதும், கற் 6 என்றால் இன்னும் நல்லது. உலோகத்தாள் சுற்றிய கேபிளை வாங்கினால் இரைச்சல் பிரச்சினையே வராது என்று கடையில் சொல்வார்கள். அந்த உலோகத்தாளுக்குச் சரியான எர்த் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் செலவழித்த காசுக்குப் பயன் இல்லை. சாதாரண வீட்டுக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

வீட்டை விட்டு வெளியே போகும் கேபிள்

வன்னி வளவுகள் பெரியவை. படலையடியில் கடை, பின்னால் நெல் வைக்கும் கொட்டில், அதற்கும் அப்பால் கிணற்றடி மோட்டர் அறை. இப்போது எல்லோரும் அங்கே ஒரு கமரா பூட்ட விரும்புகிறார்கள். மோட்டருக்கு ஏற்கெனவே கம்பங்களில் வயர் போகிறது, அதே கம்பத்தில் நெற்வேர்க் கேபிளையும் கட்டிவிடலாம் என்று தோன்றும். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான்: அதைச் செய்யவேண்டாம்.

காற்றில் ஆடி இரண்டும் உரசித் தேய்வது ஒரு காரணம். மின்னல் அதைவிடப் பெரிய காரணம். சித்திரையிலும், மாரி தொடங்கும் ஐப்பசி கார்த்திகையிலும் எங்கள் பக்கம் இடி மின்னல் எப்படி என்பது தெரியும். மின்னல் உங்கள் வளவில் விழத் தேவையில்லை. சற்றுத் தூரத்தில் விழுந்தாலும், நீண்டு கிடக்கும் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ற் ஒரு கணம் தூண்டப்படும். நெற்வேர்க் போர்ட்டின் டிரான்ஸ்போமர் 1500 வோல்ற் தாங்கும்படி சோதிக்கப்படுவது. அதற்கு மேல் வந்தால் ரவுட்டர், கமரா, ரெக்கோடர் எல்லாம் ஒரே அடியில் போகும். மோட்டர் அறையில் தனி எர்த், வீட்டில் தனி எர்த் என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மின்னல் நேரத்தில் இரண்டு நிலங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு எழும், அதைச் சமப்படுத்த ஓடும் மின்சாரத்துக்கு உங்கள் கேபிளே பாலமாகிவிடும். கோடையில் நிலம் காய்ந்தால் எர்த் கம்பியின் பிடியும் குறையும்.

கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு ஃபைபர் இழுப்பதுதான் நல்ல வழி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும் ஒளியை நெற்வேர்க் சிக்னலாக மாற்றும் பெட்டி ஒவ்வொன்று வைத்தால் போதும். கறண்ட் வயரால் அதன் சிக்னலுக்கு எந்த இரைச்சலும் ஏறாது. ஆனால் வெளியே கட்டும் ஃபைபர் பலவற்றில் தாங்குவதற்காக உருக்குக் கம்பி ஒன்று கூடவே ஓடும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள், உள்ளே கொண்டுவரவேண்டாம். இரண்டாவது வழி வயர்லெஸ்: கூரையில் இரண்டு சிறிய அன்ரெனாக்களை எதிரெதிராக நோக்கிப் பூட்டுவது. இரண்டும் முடியாது, செம்புக் கேபிள்தான் என்றால் வெயில் தாங்கும் கறுப்புத்தோல் கேபிளை வாங்கித் தனிப் பைப்பில், மோட்டர் வயருக்கு ஒரு அடியாவது தள்ளிப் புதையுங்கள். கலப்பை படாத ஆழம் வேண்டும். மொத்த நீளம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது. இரண்டு முனையிலும் மின்னல் தடுப்புக் கருவி வைத்து அதற்கு எர்த் கொடுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, நெற்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள்.

சிக்னலுக்காக இரும்புப் பைப்பை நட்டு உச்சியில் அன்ரெனா பூட்டுகிறவர்கள், மின்சார சபை வயர் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பாதையை முதலில் பாருங்கள். பைப் எந்தப் பக்கம் சரிந்தாலும் அந்த வயரைத் தொடமுடியாத தூரத்தில் நடவேண்டும். பைப்பின் நீளத்தைவிடக் கூடுதலான தூரம். நிமிர்த்தும்போது கை நழுவும் ஒரு கணம்தான் ஆளைக் கொல்லும். மழை ஈரத்தில் அந்த வேலையே வேண்டாம்.

ஏற்கெனவே ஒரே கேசிங்கில் போட்டாகிவிட்டது என்றால், இன்று நெற் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். மெயினை இறக்கி, மின்வேலை தெரிந்த ஒருவரை வைத்துக் கேசிங்கைத் திறந்து, கேபிளை வெளியே எடுங்கள். எடுத்த கேபிளின் தோலை நீளம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். கீறலோ கடியோ கருகலோ இருந்தால் அந்தக் கேபிளை மறுபடி போடவேண்டாம், பக்கத்தில் கிடந்த மின்வயரையும் அந்த இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். புதிய வழியில் இழுத்து முடித்ததும் கணினியின் நெற்வேர்க் விபரத்தில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஜிகாபிட் கருவியாக இருந்தும் 100 என்று காட்டினால் நான்கு சோடியில் ஏதோ ஒன்று சரியாகச் சேரவில்லை. திரும்பவும் கிளிப்பில் இருந்து தொடங்குங்கள்.